நிலக்கரிக் கணக்கு: ஜெவன்ஸ் முதல் சம்பூர் வரை

1992 ஒக்டோபர் மாதம். கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையொன்றின் வெளிநாட்டுச் செய்தி மேசையில் உதவி ஆசிரியனாக நான் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ரெலிபிரின்ரரில் வந்து குவியும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதே வேலை. ஒரு நாள் பிரித்தானியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கு எஞ்சியிருந்த 50 நிலக்கரிச் சுரங்கங்களில் 31ஐ மூடப்போவதாகவும், சுமார் 30,000 பேர் தொழில் இழப்பர் என்றும் அமைச்சர் மைக்கல் ஹெசல்ரைன் அறிவித்திருந்தார். அதனை ஒற்றைப் பத்தியில் போட்டோம். அடுத்த ஆண்டு அதே மேசைக்கு அதே நாட்டிலிருந்து வேறொரு செய்தி அடிக்கடி வந்துகொண்டிருந்தது. பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை குறைந்து வருகிறது என்பதே அது. அதையும் தமிழாக்கினேன். சுரங்கங்கள் மூடப்படும் நாட்டில் வேலையற்றோர் தொகை எப்படிக் குறைகிறது என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. செய்தியில் இலக்கம் ஒன்று இருந்தால் போதும், அது உண்மையென்று நம்பிவிடும் பழக்கம் எங்கள் தொழிலுக்கு உண்டு.

2024 செப்டெம்பர் 30ஆம் திகதி நொட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ராட்கிளிஃப் அனல் மின் நிலையம் மூடப்பட்டது. பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின் நிலையம் அதுவே. 1882 ஜனவரியில் இலண்டன் ஹோல்போர்ன் வயடக்ட்டில் எடிசனின் நிறுவனம் திறந்த நிலையத்துடன் தொடங்கிய 142 ஆண்டு வரலாறு அன்று நள்ளிரவோடு முடிந்தது. அந்தச் செய்தியை வாசித்தபோதுதான் என்னுடைய பழைய இரண்டு செய்திகளும் நினைவுக்கு வந்தன. ஓர் எரிபொருளிலிருந்து இன்னோர் எரிபொருளுக்கு ஒரு நாடு மாறும்போது அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதை எப்படி முன்கூட்டிக் கணிப்பது, எப்படிப் பின்னர் அளப்பது? இன்று பல்கலைக்கழகங்களில் இது தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஆனால் பிரித்தானியர் இதனைக் கற்றுக்கொள்ள ஒன்றரை நூற்றாண்டு சென்றது. இடையிடையே பெரிய பிழைகளும் நேர்ந்தன.

முதற் கணக்கைப் போட்டவர் வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ். லிவர்பூலில் இரும்பு வணிகர் ஒருவரின் மகனாக 1835இல் பிறந்தவர். இருபது வயது நிரம்புமுன்னரே அவுஸ்திரேலியா சென்று சிட்னி நாணயசாலையில் உலோகத் தரம் பார்ப்பவராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். 1865இல் 'நிலக்கரிப் பிரச்சினை' என்ற நூலை வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

அவருக்குக் கிடைத்த மூலப்பொருள் சாதாரணமானதல்ல. பிரித்தானியாவில் எவ்வளவு கரி தோண்டப்படுகிறது என்பதே 1854 வரை எவருக்கும் சரிவரத் தெரியாது. அவ்வாண்டு முதல் சுரங்கப் பதிவேட்டுக் காப்பாளர் ரொபேர்ட் ஹன்ற், சுரங்கம் சுரங்கமாகத் தகவல் திரட்டி ஆண்டுதோறும் வெளியிடலானார். ஹன்றின் இலக்கங்கள் இல்லையேல் ஜெவன்ஸின் நூல் இல்லை. மாதிரி வரைந்தவரின் பெயர் நிலைக்கிறது. இலக்கம் திரட்டியவரின் பெயர் அடிக்குறிப்பில் மறைந்துவிடுகிறது. எங்கள் செய்தியாளர்களின் நிலையும் இதுதான்!

1861இல் உற்பத்தி ஏறத்தாழ 8.4 கோடி தொன். வளர்ச்சி ஆண்டுக்கு மூன்றரை வீதம். இதே வேகத்தில் போனால் 1961இல் ஓராண்டுக்கு மட்டும் 260 கோடி தொன் தேவைப்படும் என்று ஜெவன்ஸ் கணக்கிட்டார். புவியியலாளர் எட்வேர்ட் ஹல், 4,000 அடி ஆழம்வரை கிடைக்கக்கூடிய கரி முழுவதையும் சுமார் 8,300 கோடி தொன் என மதிப்பிட்டிருந்தார். கூட்டு வட்டி போல வளரும் தேவைக்கு அந்த இருப்பு நூற்றுப்பத்து ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்காது. ஆகவே இந்த வளர்ச்சி நீடிக்க முடியாது. கரி முற்றாகத் தீரும் முன்னரே விலை ஏறும். பிரித்தானியாவின் தொழில் மேலாண்மை சரியும் என்பதே அவரது வாதம். 1866இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் வரவு செலவுத் திட்ட உரையில் இந்த வாதத்தைக் கையிலெடுத்தார். கரி இருக்கும்போதே தேசியக் கடனை அடைத்துவிட வேண்டும் என்றார். ஜோன் ஸ்ருவார்ட் மில்லும் பாராளுமன்றத்தில் இதைப் பேசினார். கரி இருப்பை ஆராய அரச ஆணைக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது.

நடந்தது வேறு. பிரித்தானிய நிலக்கரி உற்பத்தியின் உச்சம் 1913இல், 28.7 கோடி தொன். ஜெவன்ஸ் குறித்துச் சொன்ன 1961இல் அது 20 கோடிக்கும் குறைவு. எண்ணெய் வந்தது, பின்னர் எரிவாயு வந்தது. நிலத்தடியில் கரி மிகுதியாகக் கிடக்கவே சுரங்கங்கள் மூடப்பட்டன. பெற்றோலியத்தை ஜெவன்ஸ் அறிந்திருந்தார். ஆயினும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. காற்று, நீர், அலை என எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, கரிக்கு ஈடில்லை என ஒதுக்கிவிட்டார்.

இதற்காக அவரை எள்ளி நகையாடுவோர் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். அந்த நூலில் வேறோர் இடத்தில் அவர் கண்டுபிடித்த ஒன்று இன்றுவரை பொய்க்கவில்லை. ஸ்கொட்லாந்தின் இரும்பு உலைகளில் ஒரு தொன் இரும்புக்குத் தேவையான கரி மூன்றிலொரு பங்குக்கும் கீழே குறைந்தது. ஆனால் 1830க்கும் 1863க்கும் இடையில் அங்கு செலவான மொத்தக் கரி பத்து மடங்காகியது. சிக்கனம் இரும்பை மலிவாக்க, மலிவு தேவையைப் பெருக்கியது. இன்று மின்சிக்கனத்தால் இத்தனை மிச்சம் என்று கணக்குப் போடும் எவரும் இந்தச் 'ஜெவன்ஸ் முரண்பாட்டுக்கு' முகங்கொடுத்தாக வேண்டும். ஒரு மாதிரியின் எதிர்வுகூறல் பிழைத்தாலும் அது காட்டும் பொறிமுறை சரியாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. கடதாசிக்கும் ஒருநாள் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சி எழுதுதாளும் பொதி சுற்றும் தாளும் வாங்கிக் குவித்திருந்தாராம். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பிள்ளைகளால் அதை முடிக்க முடியவில்லை என்று பொருளியலாளர் கெய்ன்ஸ் பின்னாளில் எழுதியுள்ளார். ஜெவன்ஸ் 1882 ஓகஸ்டில் ஹேஸ்ரிங்ஸ் அருகே கடலில் குளிக்கையில் மூழ்கி இறந்தார். ஹோல்போர்ன் மின் நிலையம் திறக்கப்பட்ட அதே ஆண்டு.

ஜெவன்ஸின் கணக்கில் கரி இருந்தது, இரும்பு இருந்தது, தேசியக் கடன் இருந்தது. அந்தக் கரிப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு அதில் ஒரு நிரல் இல்லை. அந்த நிரலைச் சேர்க்க 1952 டிசெம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

டிசெம்பர் 5ஆம் திகதி வெள்ளிக்கிழமை இலண்டனைப் பனிமூட்டம் மூடியது. காற்று அசையவில்லை. இலட்சக்கணக்கான வீடுகளின் கணப்படுப்புகளிலிருந்து கிளம்பிய புகை மேலெழ வழியின்றித் தெருக்களிலேயே தேங்கியது. போருக்குப் பிந்திய அந்நியச் செலாவணி நெருக்கடியில் நல்ல கரி ஏற்றுமதிக்குச் செல்ல, உள்ளூர் மக்களுக்குத் தூள் கலந்த மட்டரகக் கரியே மிஞ்சியிருந்தது. செவ்வாய்க்கிழமை காற்று வீசியதும் மூட்டம் கலைந்தது. நகரம் வழமைக்குத் திரும்பியது. இலண்டன்வாசிகளுக்குப் பனிமூட்டம் புதிதல்ல என்பதால் ஒரு பேரழிவு நடந்து முடிந்துள்ளதென்று அந்நேரம் உணர்ந்தவர்கள் சிலரே.

உணர்த்தியது பதிவாளர் நாயகத்தின் வாராந்த மரணப் பதிவேடு. டிசெம்பர் 13ஆம் திகதி முடிந்த வாரத்தில் பெரிய இலண்டனில் பதிவான மரணங்கள் 4,703. முந்திய ஆண்டு அதே வாரத்தில் 1,852. எவருடைய மரணச் சான்றிதழிலும் 'புகை' என்று எழுதப்பட்டிருக்கவில்லை. மூச்சுக்குழாய் அழற்சி, நியூமோனியா, இதய நோய் என்றே எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு சான்றிதழும் தனித்தனியே சரி. எல்லாவற்றையும் கூட்டி வழக்கமான வாரத்தோடு ஒப்பிட்டபோதுதான் உண்மை தெரிந்தது. வழமைக்கு மேலான மரணங்கள் 4,000 என்ற தொகை அவ்வாறு கிடைத்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தமைக்கு அந்த இலக்கத்தின் அழுத்தம் ஒரு முக்கிய காரணம்.

எனினும் அந்த இலக்கமும் முடிந்த முடிபல்ல. மூட்டம் கலைந்த பின்னரும் 1953இன் தொடக்க மாதங்களில் மரணங்கள் வழமைக்குத் திரும்பவில்லை. அந்த மிகுதியை சுகாதார அமைச்சு இன்புளுவென்சாக் காய்ச்சலின் கணக்கில் எழுதியது. 2001இல் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஏடுகளை மீண்டும் புரட்டினார்கள். காய்ச்சலால் விளக்கக்கூடியது அந்த மிகுதியில் சிறு பகுதியே என்றும், மொத்தச் சாவு ஏறத்தாழ 12,000 என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பிறகு மாண்டோர் தொகை மும்மடங்காகியது. எந்தத் திகதியில் கணக்கை மூடுகிறோம், எந்தக் காரணத்தின் கீழ் எழுதுகிறோம் என்பவற்றில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

அதன்பின் மாற்றம் விரைந்து நடந்தது. வீடுகளில் புகையில்லா எரிபொருள் வந்தது. 1967 முதல் 1977 வரையான பத்தாண்டில், கரியிலிருந்து வடித்த வாயுவை விட்டு வடகடல் இயற்கை வாயுவுக்கு ஏறத்தாழ 1.3 கோடி பாவனையாளர்கள் மாற்றப்பட்டனர். வீடு வீடாகச் சென்று ஒவ்வோர் அடுப்பின் பொறியையும் மாற்றினார்கள். சுரங்கங்கள் மூடுவதும் கூடவே நடந்தது. ரொபென்ஸ் பிரபு தேசிய நிலக்கரிச் சபையின் தலைவராக இருந்த 1961–71 காலத்தில் தொழிலாளர் தொகை 583,000இலிருந்து 283,000ஆகச் சரிந்தது. அப்போது பிற தொழில்கள் வளர்ந்துகொண்டிருந்தமையால் பெரும் ஓலம் எழவில்லை. எண்ணெய் என்றும் மலிவாகவே இருக்கும் என்ற கணிப்பை அச்சபையின் பொருளியல் ஆலோசகர் ஷுமாக்கர் மட்டும் விடாது மறுத்துவந்தார். 'சிறியதே அழகு' எழுதிய அதே ஷுமாக்கர்தான். 1973இல் எண்ணெய் விலை நான்கு மடங்காகியபோது அவர் சொன்னது உண்மையாயிற்று. ஆனால் அதற்குள் பாதிச் சுரங்கங்களுக்கு மேல் மூடியாயிற்று.

எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் கணிக்கும் பொறுப்பு கணினிகளிடம் போயிற்று. இதற்கு நாம் பிரித்தானியாவை விட்டுச் சிறிதுநேரம் ஒஸ்திரியா செல்ல வேண்டும். வியன்னாவுக்கு அண்மையில், லக்ஸன்பேர்க் என்ற ஊரில் ஹப்ஸ்பேர்க் மன்னர்களின் பழைய மாளிகையில் 1972இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பயன்முறை அமைப்புப் பகுப்பாய்வுக்கான சர்வதேச நிறுவனம் என்பது அதன் பெயர். கெடுபிடிப் போர்க் காலத்தில் அமெரிக்க விஞ்ஞானிகளும் சோவியத் விஞ்ஞானிகளும் ஒரே கூரையின் கீழ் பணியாற்றிய அபூர்வமான இடம். ஜேர்மனியின் வேக ஈனுலைத் திட்டத்துக்குத் தந்தை எனப்பட்ட வொல்ஃப் ஹெஃபெலே தலைமையில், உலகின் அடுத்த ஐம்பது ஆண்டு எரிசக்தியை அங்கு மாதிரி வரைந்தனர். 1981இல் இரண்டு பெருந் தொகுதிகளாக ஆய்வு வெளியாகியது. 2030இல் உலகின் எரிசக்திப் பாவனை 22 முதல் 36 தெராவாற் வரை இருக்கும் என்றது அது. அதில் வேக ஈனுலைகளுக்குப் பெரும் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று 2030 வாசலில் நிற்கிறது. உலகில் இயங்கும் வேக ஈனுலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்பாக்கத்தில் 2004இல் கட்டத் தொடங்கிய ஈனுலைக்கு 2024இல்தான் உலைக்கருவை நிரப்பும் பணி ஆரம்பமாயிற்று.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய பில் கீப்பின் என்ற இளம் அமெரிக்கர், அந்த மாதிரியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத் துணிந்தார். பல கணினி நிரல்கள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுத்து, திருத்திக்கொண்டு விடை காண்பதாகவே ஆய்வில் சொல்லப்பட்டிருந்தது. கீப்பின் கண்டது வேறு. கணினிக்குள் இட்ட எடுகோள்களே ஏறத்தாழ மாற்றமின்றி விடையாக வெளிவந்தன. கைக்கணக்காகவே அதனைப் போட்டுவிடலாம். அத்தோடு அணுமின்னின் செலவைச் சற்றே கூட்டினால் ஈனுலைகள் பின்தள்ளப்பட்டுக் கரி முன்னுக்கு வந்தது. லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வினுடன் சேர்ந்து இந்த விமர்சனத்தை அவர் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார். அது 1984 டிசெம்பர்.

அதே டிசெம்பரில் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் பத்தாவது மாதத்தில் இருந்தது. 1985 மார்ச்சில் அது தோல்வியில் முடிந்தது. அடுத்த பத்தாண்டில் நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத்தைத் தவிர வேறு தொழில் இல்லாத ஊர்கள் பல. யோர்க்‌ஷயர், டேர்ஹாம், தென் வேல்ஸ் எங்கும் வேலையற்றோர் தொகை விண்ணைத் தொட்டிருக்க வேண்டும். அரசாங்கப் புள்ளிவிபரத்தில் அது தெரியவில்லை. இங்குதான் என் 1992ஆம் ஆண்டுப் புதிருக்கு வருகிறேன்.

புதிரை அவிழ்த்தவர்கள் ஷெஃபீல்ட் ஹலம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்ரினா பீற்றி, ஸ்ரீவ் ஃபொதர்கில் இருவரும். 1996இல் அவர்களது கட்டுரை வெளியாயிற்று. 1981ஆம், 1991ஆம் ஆண்டுக் குடிசனத் தொகைமதிப்புகளை எடுத்து, நிலக்கரிப் பிரதேசங்களுக்கு வங்கிக் கணக்கேடு போல ஒரு வரவு செலவு எழுதினார்கள். அப்பத்தாண்டில் அங்கு ஏறத்தாழ 1.6 இலட்சம் ஆண்களின் சுரங்க வேலைகள் போய்விட்டன. வேலையற்றோராகப் பதிந்த ஆண்களோ 1981ஐ விட 1991இல் குறைவு. அப்படியானால் மிகுதிப்பேர் எங்கே? சிலர் ஊரைவிட்டுப் போயினர். சிலருக்கு வேறு வேலை கிடைத்தது. இவற்றைக் கழித்த பின்னும் ஒரு பெருந்தொகை எஞ்சியது. அது தொகைமதிப்புப் படிவத்தின் வேறொரு கட்டத்தில் இருந்தது. 'நிரந்தர நோயாளி' என்ற கட்டம்.

ஏன் என்று விளங்கிக்கொள்வது கடினமல்ல. இருபது முப்பது ஆண்டுகள் நிலத்தடியில் உழைத்தவனின் நுரையீரலும் முதுகும் பழுதுபட்டிருந்தன. வேலை இருந்தவரை அதோடு அவன் வேலைக்குப் போனான். சுரங்கம் மூடியதும் அதே உடலோடு வேறு வேலை தேடினால் யார் எடுப்பார்? வைத்தியர் மனச்சாட்சியோடுதான் சான்றிதழ் கொடுத்தார். நோய்க் கொடுப்பனவு வேலையற்றோர் கொடுப்பனவைவிடச் சற்றுக் கூடுதல். வேலையற்றோர் பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீங்குவதில் அரசாங்கத்துக்கும் வருத்தமில்லை. இதில் மோசடி இல்லை என்பதை ஆய்வாளர்கள் வலியுறுத்தினார்கள். அவர்கள் மெய்யாகவே நோயாளிகள். ஆனால் வேலை இருந்திருந்தால் வேலையில் இருந்திருப்பார்கள். இதனை அவர்கள் 'மறைந்திருக்கும் வேலையின்மை' என்றனர். 1970களின் இறுதியில் பிரித்தானியாவில் நோய்க் கொடுப்பனவு பெற்ற வேலைசெய்யும் வயதினர் சுமார் ஏழரை இலட்சம். 2000களின் தொடக்கத்தில் அது 25 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இலண்டன் புகைமூட்டத்திலும் இதுவேதான் நடந்தது. ஒவ்வொரு சான்றிதழும் சரி. கூட்டுத்தொகையே உண்மையைச் சொல்லியது. வேறுபாடு என்னவெனில், புகையில் மாண்டோரை எண்ணிய பின் சட்டம் வந்தது. சுரங்கத்தால் கைவிடப்பட்டோரை எண்ணிய பின்னரும், அவர்களைச் சோம்பேறிகளெனச் சந்தேகிக்கும் அரசியலே வலுப்பெற்றது. 2008இல் நோய்க் கொடுப்பனவு பெறுவோருக்குப் புதிய தகுதிச் சோதனை கொண்டுவரப்பட்டபோது, பழைய நிலக்கரிப் பிரதேசங்கள் அதன் சுமையை அதிகம் தாங்கின. அதே பல்கலைக்கழகத்தின் 2014ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வேலைசெய்யும் வயதினர் 100 பேருக்கு அப்பிரதேசங்களில் இருந்த வேலைகள் 50 மட்டுமே. நாட்டின் சராசரி 67. வேலைநிறுத்தம் முடிந்து முப்பது ஆண்டுகளின் பின்னான நிலை இது. காற்று தூய்மையானதையும் காபன் வெளியேற்றம் குறைந்ததையும் நான் மறுக்கவில்லை. 2012இல் ஏறத்தாழ 40 வீத மின்சாரத்தைக் கரியிலிருந்து பெற்ற நாடு, பன்னிரண்டே ஆண்டுகளில் அதைப் பூச்சியமாக்கியது பெருஞ் சாதனை. அந்த ஏட்டில் இந்த நிரலும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதை எழுதும்போது சம்பூரை நினைக்காதிருக்க முடியவில்லை. 2006இல் போர் மூதூர் கிழக்கு மக்களை இடம்பெயர்த்தது. அதே ஆண்டின் இறுதியில் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனத்துடன் 500 மெகாவாற் நிலக்கரி மின் நிலையத்துக்கான உடன்படிக்கை கைச்சாத்தாகியது. சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மக்கள் கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. கரியிலிருந்து சூரியனுக்கு. மாதிரி வரைபவருக்கு இதைவிட அழகான கோடு கிடைக்காது. அவரது அட்டவணையில், வராமற்போன அந்த மின் நிலையத்தின் பெயருக்கு எதிரே காபன் மிச்சம் என்று ஒரு தொகை எழுதப்படும். ஒரு நாள்கூட எரியாத அந்த அடுப்புக்காகப் பயிரிடாமற்போன போகங்கள் எத்தனை என்பதற்கு அங்கே இடம் இராது.

மீள்குடியேற்றம் நடந்த நாட்களில் சம்பூரில் ஒரு வயோதிபரைச் சந்தித்தேன். காணி துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். என்ன இழந்தீர்கள் ஐயா என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது பெருமூச்சை. அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, வளவில் நின்ற தென்னை 42, காய்த்த மா 3, பட்டியில் விட்டுவந்த மாடு 17, கன்று 5, செய்யாமல் விட்ட போகம் 9 என்று வரிசையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அன்றிரவு செய்தி அனுப்பும்போது இடம் போதவில்லை. மீளக் குடியேறிய குடும்பங்களின் தொகையை மட்டும் அனுப்பினேன்.